1953-ல் மூடிய கோப்பு: உமிழ்நீர்ச் சுரப்பியும் 'நாள்பட்ட அழற்சி' என்ற சொல்லும்

உமிழ்நீர்ச் சுரப்பியில் எடுத்த பயாப்ஸி அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு வரி: "நாள்பட்ட அழற்சி காணப்படுகிறது." படிக்கிறவருக்கு நோயின் பெயரைச் சொல்லிவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் அது பெயரே இல்லை. தெருவுல ஒரு வீட்டு முன்னாடி கூட்டமா இருக்குன்னு சொல்ற மாதிரிதான். கல்யாண வீடா, சாவு வீடா, சண்டையா என்பது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினால் தெரியாது. யார் வந்திருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1953-ல் பாஸ்டனிலிருந்து மார்கன், காசில்மன் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரை. மோசமான கட்டுரை இல்லை. சொல்லப்போனால் மிக நல்ல கட்டுரை. நல்ல கட்டுரையாக இருந்ததால்தான் அதில் இருந்த ஒரு தாவலை அரை நூற்றாண்டு பெரும்பாலோர் கேள்வி கேட்கவில்லை.

முதலில் பின்னணி. 1888-ல், அன்றைய கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில், யான் மிகுலிச் என்ற அறுவை மருத்துவர் 42 வயது விவசாயி ஒருவரைப் பற்றிச் சக மருத்துவர்களிடம் விவரித்தார். அவருடைய கண்ணீர்ச் சுரப்பிகளும், காதடி, தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வலியில்லாமல் வீங்கியிருந்தன. 1892-ல் இது அச்சில் வந்தது. 'மிகுலிச் நோய்' என்று பெயரும் நிலைத்துவிட்டது. பிறகு வழக்கமாக நடப்பது நடந்தது. கன்னமும் கண்ணிமையும் வீங்கிய எல்லாரையும் அந்தப் பெயருக்குள் தள்ளினார்கள். காசநோய், ரத்தப் புற்றுநோய், சார்காய்டோசிஸ் என்று எல்லாம் உள்ளே வந்தன. 1927-ல் ஷாஃபர், ஜேக்கப்சன் என்ற இருவர் கொஞ்சம் சுத்தம் செய்தார்கள்: காரணம் தெரிந்தால் அது மிகுலிச் 'சிண்ட்ரோம்', தெரியாவிட்டால் மிகுலிச் 'நோய்'.

இன்னொரு பக்கம் ஸ்வீடனில் ஹென்ரிக் ஷோகிரன் என்ற கண் மருத்துவர். 1933-ல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டில் 19 பெண்கள். கண் வறட்சி, வாய் வறட்சி. அவர்களில் 13 பேருக்கு மூட்டு வாதம். கண் வறட்சி கண்ணில் மட்டும் நிற்கும் சங்கதி இல்லை, உடம்பு முழுக்கப் பரவிய ஒரு நோயின் ஜன்னல் என்று அவர் சொன்னார். அந்த ஆய்வேட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் அவருக்குப் பல்கலைக்கழக ஆசிரியர் தகுதி வாங்கித் தரப் போதவில்லை என்பது தனிக் கதை.

இப்போது 1953. மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் மார்கனும் காசில்மனும், மிகுலிச் நோய் என்று சொல்லத்தக்க 18 பேரின் சுரப்பித் திசுக்களை எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர் செல்கள் அடர்த்தியாகக் குவிந்திருந்தன. சுரக்கும் பகுதி அழிந்து, நாளங்களின் செல்கள் பெருகி அங்கங்கே தீவு தீவாக நின்றன. இந்தத் தீவுகளுக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். எபிமயோஎபிதீலியல் தீவுகள் என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஷோகிரன் நோயாளிகளின் சுரப்பிகளிலும் இதே காட்சிதான். ஆகவே அவர்கள் முடிவு: மிகுலிச் நோய் என்று தனியாக ஒன்று கிடையாது, அது ஷோகிரன் சிண்ட்ரோமின் ஒரு வெளிப்பாடு.

இந்த வாதத்தை நிதானமாகப் பிரித்துப் பாருங்க. அந்தப் 18 பேரின் திசுவில் ஷோகிரனுக்குரிய தோற்றம் இருந்தது என்பது ஒரு கண்டுபிடிப்பு. அது சரி. பாஸ்டனில் அந்தப் பெயரில் சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஷோகிரன் நோயாளிகளாகவே இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து "கோனிக்ஸ்பெர்க் விவசாயிக்கும் அதே நோய்தான்" என்று போவது கண்டுபிடிப்பு இல்லை, தாவல். இவர்கள் கையில் இருந்தது அந்தப் பெயரில் பின்னாளில் சேர்க்கப்பட்டவர்களின் திசு. 1927-க்கு முன்னும் பின்னும் அந்தப் பெயர் எவ்வளவு தளர்வாகப் பயன்பட்டது என்று தெரிந்தும், பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். சுப்பிரமணி என்ற பெயரில் 18 பேரை விசாரித்துவிட்டு, நமக்கு வேண்டிய சுப்பிரமணியும் இவர்களில் ஒருவர் மாதிரிதான் என்று கோப்பை மூடியது போல.

கோப்பு மூடியே கிடந்தது. மேற்கத்திய நூல்களில் மிகுலிச் என்பது வரலாற்றுக் குறிப்பாக மட்டும் தங்கியது. ஜப்பானில் மட்டும் சிலர் அந்தப் பெயரைக் கைவிடவில்லை. அவர்கள் பார்த்த மிகுலிச் நோயாளிகள் ஷோகிரன் வார்ப்பில் பொருந்தவில்லை. சுரப்பி பெரிதாக வீங்கியிருக்கும், வீக்கம் வடியாமல் நிற்கும். ஆனால் வறட்சி அவ்வளவாக இருக்காது. ஷோகிரன் பெண்களையே மிக அதிகமாகப் பிடிக்கும். இங்கே ஆண்களும் நிறைய. ரத்தத்தில் ரோ ஆன்ட்டிபாடி இருக்காது. ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வேகமாக வடியும், சில சமயம் உமிழ்நீரும் திரும்ப ஊறும். ஷோகிரனில் இப்படி நடப்பது அபூர்வம்.

திருப்பம் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வரவில்லை, கணையத்திலிருந்து வந்தது. 2001-ல் மட்சுமோட்டோவில் உள்ள ஷின்ஷு பல்கலைக்கழகக் குழு, ஒருவகைக் கணைய அழற்சியில் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற ஆன்ட்டிபாடி வகை ஏறியிருப்பதைக் காட்டியது. இது கணையத்தோடு நிற்கவில்லை, பல உறுப்புகளில் அதே செல்கள் என்று 2003-ல் கமிசாவா குழு சொன்னது. சப்போரோவில் யமமோட்டோவும் சகாக்களும் தங்கள் மிகுலிச் நோயாளிகளைச் சோதித்தபோது அவர்களிடமும் ஐஜிஜி4 ஏறியிருந்தது. 1896-ல் க்யூட்னர் விவரித்த தாடைக்கீழ்ச் சுரப்பிக் 'கட்டி'யும் 2005 வாக்கில் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. கல் மாதிரி கெட்டியாக இருக்கும் இந்தக் கட்டியைப் புற்றுநோய் என்று நினைத்து எத்தனையோ பேருக்கு வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

ஐஜிஜி துணைவகைகளே 1960களில்தான் பிரிக்கப்பட்டன, 1953-ல் இருந்தவர்களைக் குறை சொல்லலாமா என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. சாயம் இல்லாததற்காக நான் குறை சொல்லவில்லை. இந்த நோயின் அடையாளங்களில் முக்கியமான இரண்டு, சாதாரணச் சாயத்திலும் தேடக்கூடியவை: பாய் பின்னலைப் போலச் சுழன்று போகும் நார்த்திசு ஒன்று, அழற்சி செல்கள் புகுந்து அடைத்துப் போன சிறு சிரைகள் இன்னொன்று. அதைவிட முக்கியம், நோயாளியின் கதைக்கு எந்தச் சாயமும் வேண்டாம். வறட்சி குறைவு, ஆண், இரண்டு பக்கமும் நிலையான வீக்கம் என்ற வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிபவை. "திசுவில் ஒன்று போல இருக்கிறது" என்ற ஒரே வாக்கியம் இவை எல்லாவற்றையும் தோற்கடித்தது. என் விமர்சனம் அந்த வாக்கியத்தின் மேல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 2011-ல் ஐஜிஜி4 நோய்க்கான சர்வதேசக் கூட்டம் பாஸ்டனில் கூடியது. அதன் திசு வரையறைகள் 2012-ல் வெளிவந்தன. முன்னின்று நடத்தியவர்கள் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனைக்காரர்கள். கோப்பை மூடிய அதே கட்டடத்து ஆட்களே திறந்தும் வைத்தார்கள்.

பழைய கதை, இப்போ என்ன என்று நகர்ந்துவிட முடியாது. அதே தாவல் இன்று எண்ணாக உருமாறி உலவுகிறது.

ஷோகிரனுக்கு இன்று செய்யும் திசுச் சோதனையில் பெரிய சுரப்பியைத் தொடுவதில்லை. கீழுதட்டின் உட்புறம் சிறு கீறல் போட்டு, கடுகு கடுகாக இருக்கும் சிறு சுரப்பிகளை எடுக்கிறார்கள். இது புத்திசாலித்தனமான தேர்வு. தாடைக்கீழ்ச் சுரப்பியில் கல் அடைக்கும், காதடிச் சுரப்பியில் கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வரும்; அந்தச் சச்சரவெல்லாம் உதட்டுச் சுரப்பியில் குறைவு. 1968-ல் சிசம், மேசன் இருவரும் இதில் எண்ணும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரே இடத்தில் 50 அல்லது அதற்கு மேல் நிணநீர் செல்கள் திரண்டிருந்தால் அது ஒரு 'குவியம்', ஆங்கிலப் பெயரில் ஃபோகஸ். 4 சதுர மில்லிமீட்டர் சுரப்பித் திசுவில் எத்தனை குவியம் என்பதுதான் ஃபோகஸ் ஸ்கோர்.

2016-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் இந்த ஸ்கோர் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3 புள்ளி. ரோ ஆன்ட்டிபாடி இருந்தால் 3 புள்ளி. கண் சாயச் சோதனை, கண்ணீர் அளவு, உமிழ்நீர் அளவு ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மொத்தம் 4 வந்தால் ஷோகிரன் என்று வகைப்படுத்தலாம். கணக்கைக் கவனியுங்க. ரோ ஆன்ட்டிபாடி இல்லாதவருக்கு மற்ற மூன்றும் சேர்ந்தாலும் 3-தான். உதட்டுத் திசு ஒன்றுதான் அவரை எல்லையைத் தாண்ட வைக்கும். அதாவது, நோயறிவது கடினமாக இருக்கும் ஆட்களிடத்தில்தான் முழுப் பாரமும் அந்த ஒரு எண்ணின் மேல் விழுகிறது.

அந்த எண் எவ்வளவு உறுதியானது? எடுத்த சுரப்பித் திசு மொத்தம் 3 சதுர மில்லிமீட்டர், அதில் ஒரே ஒரு குவியம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோர் 1.3. நோய் இருக்கிறது! அதே ஆளிடம் 12 சதுர மில்லிமீட்டர் எடுத்து அதில் 2 குவியம் கண்டால் ஸ்கோர் 0.7. நோய் இல்லை! திசு சின்னதாக ஆக ஆக ஒரு தற்செயல் குவியம் பெரிய ஆளாகிவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளுக்காக 2017-ல் ஐரோப்பிய நிபுணர்கள் தந்த பரிந்துரை, குறைந்தது 8 சதுர மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. நாம் பார்க்கும் அறிக்கைகளில் எத்தனையில் பரப்பளவு எழுதியிருக்கிறது?

அடுத்த சிக்கல் பெரியது. சிசம்–மேசன் முறைக்குப் பின் கலிபோர்னியாவில் டிராய் டேனியல்ஸ் வலியுறுத்திய ஒரு நிபந்தனை உண்டு. குவியங்கள் நாளத்தையோ ரத்தக் குழாயையோ சுற்றி இருக்க வேண்டும். பக்கத்தில் சுரக்கும் பகுதி நல்ல நிலையில் இருக்க வேண்டும். அழியாத வீட்டுக்குள் எதிரிப் படை முகாமிட்டிருக்கும் காட்சி இது. இதற்கு மாறாக, சுரக்கும் பகுதி சுருங்கி, நார்த்திசு படிந்து, நாளங்கள் விரிந்து, செல்கள் பரவலாகச் சிதறிக் கிடந்தால், அது குறிப்பற்ற நாள்பட்ட அழற்சி. வயதானால் வரும், பழைய அடியால் வரும், நாளம் அடைத்தால் வரும். இடிந்த வீட்டில் நாலு பேர் ஒதுங்கி நின்றால் அவர்கள்தான் இடித்தார்கள் என்று சொல்ல முடியாது இல்லையா? அப்படிப்பட்ட திசுவில் 50 செல் திரண்ட ஒரு இடத்தைப் பார்த்து ஸ்கோர் போட்டால், எண் சரியாக இருக்கும், அர்த்தம் தப்பாக இருக்கும்.

இதை வெறும் கோட்பாடாகச் சொல்லவில்லை. 2002-ல் விவினோவும் சகாக்களும் 60 உதட்டுப் பயாப்ஸிகளை மறுபடி எடுத்துப் படித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் முடிவு மாறியது. முதல் அறிக்கைகளில் "நாள்பட்ட அழற்சி" வகை வார்த்தைகள் இருந்தன. முறையாக எண்ணிய ஸ்கோர் இல்லை. அதே ஆண்டில் ராட்ஃபர் குழு 54 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் உதட்டுச் சுரப்பிகளைப் பார்த்தது. சுமார் 15 சதவீதம் பேருக்கு ஸ்கோர் எல்லையைத் தாண்டியிருந்தது. எந்தப் புகாரும் இல்லாத ஆட்கள்! எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

டேனியல்ஸ் சொன்ன வேறுபாட்டுக்கு நல்ல ஆதரவும் கிடைத்தது. சிக்கா என்ற சர்வதேசப் பதிவேடு, 2011-ல் 1,726 பேரின் தரவை வைத்து, குவியத் தோற்றம் ரோ ஆன்ட்டிபாடியோடும் கண் பாதிப்போடும் சேர்ந்து வருவதைக் காட்டியது. குறிப்பற்ற அழற்சிக்கு அந்தத் தொடர்பு இல்லை. (அந்தப் பதிவேட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒரு மையமாகச் சேர்ந்தது; வறண்ட கண்ணோடு வருபவரை வாய் வரை தொடர்ந்து பார்க்கும் பழக்கத்துக்கு அது நம் பக்கத்தில் ஒரு நல்ல தொடக்கம்.) ஆனால் 2017 பரிந்துரை, எண்ணும்போது எல்லாக் குவியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுருக்கத்தையும் நார்த்திசுவையும் தனியாக எழுதுங்கள் என்று போனது. நீண்டநாள் ஷோகிரன் நோயாளியின் சுரப்பியும் கடைசியில் அழிந்துதானே போகும், அவரை விட்டுவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. கவலை சரிதான். தனியாக எழுதுங்கள் என்ற பாதியை யாராவது மறந்துவிட்டால் பழைய குழப்பத்துக்கே போய்விடுவோம் என்பது என் கவலை.

இன்னொரு படி கீழே இறங்கலாம். தோற்றம் சரியாகக் குவியமாகவே இருக்கட்டும். அது ஆட்டோஇம்யூன் என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஹெபடைடிஸ் சி தொற்றில் கிட்டத்தட்ட இதே தோற்றம் வரும். எச்ஐவி தொற்றில் சுரப்பி வீங்கி நிணநீர் செல்கள் நிறையும். அங்கே சிடி8 வகை செல்கள் அதிகம் என்பது தனிச்சாயம் போட்டால்தான் தெரியும். சார்காய்டோசிஸில் கிரானுலோமா இருக்கும், ஆனால் எடுத்த துண்டில் அது சிக்க வேண்டும். அதனால்தான் 2016 அளவுகோல், புள்ளி கூட்டுவதற்கு முன்பே இவற்றையும் ஐஜிஜி4 நோயையும் கழுத்துக் கதிர்வீச்சையும் விலக்கச் சொல்கிறது. நுண்ணோக்கி காட்டுவது ஒரு தோற்றத்தை. 'ஆட்டோஇம்யூன்' என்ற சொல் அந்தத் தோற்றத்தோடு ரத்தப் பரிசோதனையும் நோயாளியின் கதையும் சேர்ந்த பிறகு நாம் எடுக்கும் முடிவு.

ஐஜிஜி4 பக்கமும் இதே வியாதி தொற்றிக்கொண்டிருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் நுண்ணோக்கியின் ஒரு பெரும்பார்வைப் பரப்பில் 100-க்கு மேல் ஐஜிஜி4 செல்கள், மொத்த ஐஜிஜி செல்களில் 40 சதவீதத்துக்கு மேல் என்பது 2012 வரையறையின் எண். ஆனால் அந்த ஆவணமே திசுத் தோற்றம்தான் முதன்மை, எண் துணை என்கிறது. புற்றுக்கட்டியின் ஓரத்தில்கூட ஐஜிஜி4 செல்கள் கூட்டமாக நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து ஸ்டீராய்டு தொடங்கினால் என்ன தவறிப்போகும் என்று யோசித்துப் பாருங்க.

இந்தப் பிரிவினையில் நோயாளிக்கு என்ன வரும் போகும்? ஷோகிரன் என்றால், பின்னாளில் லிம்போமா வரும் வாய்ப்பைக் கண்காணிக்க வேண்டும், குறிப்பாகக் காதடி வீக்கம் வடியாதவர்களிடம். ரோ ஆன்ட்டிபாடி உள்ள பெண் கருவுற்றால், 100-ல் 1 அல்லது 2 கருக்களுக்கு இதயத் துடிப்புத் தடை வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் கவனிக்கலாம். ஐஜிஜி4 என்றால் கணையம், சிறுநீரகம், பெருந்தமனி வரை சத்தமில்லாமல் கெடும், ஆனால் மருந்துக்குக் கேட்கும். கல் என்றால் கல்லை எடுத்தால் போதும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்து அப்புறம் வடிவது அதன் அடையாளம். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எடுக்கும் அமிட்ரிப்டிலினோ, சளி அலர்ஜி மாத்திரையோ வாயை உலர்த்தியிருந்தால், உதட்டில் தெரியும் சொற்ப அழற்சிக்கு ஆயுள் முழுக்க ஆட்டோஇம்யூன் நோயாளி என்ற பட்டத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

ஆகவே அறிக்கை கையில் வந்தால், அழற்சி இருக்கிறதா என்பதைத் தாண்டி மருத்துவரிடம் கேட்க விஷயம் இருக்கிறது. சுரப்பித் திசு எத்தனை சதுர மில்லிமீட்டர், குவியம் எத்தனை, அதைச் சுற்றியுள்ள பகுதி எப்படி இருக்கிறது. சில இடங்களில் ஸ்கோருக்குப் பதில் சிசம்–மேசனின் பழைய 'கிரேடு' எழுதுவார்கள். அதில் கிரேடு 3 என்றால் 4 சதுர மில்லிமீட்டருக்கு ஒரு குவியம், கிரேடு 4 என்றால் ஒன்றுக்கு மேல். கிரேடு 3-ஐ ஸ்கோர் 3 என்று வாசித்துப் பயந்துபோக வேண்டாம். எதுவுமே எழுதவில்லை என்றால் கண்ணாடிச் சில்லும் மெழுகுக் கட்டியும் பெரும்பாலும் ஆய்வகத்தில் பத்திரமாகவே இருக்கும். இன்னொரு நோய்க்குறியியலாளரிடம் காட்டி எண்ணச் சொல்லலாம், தேவைப்பட்டால் அதே கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்து ஐஜிஜி4 சாயம் போடலாம். உதட்டில் மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை.